கொம்புக்குப் பின்னால் ஒரு கிளை

ஒரகடத்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கும் நண்பரிடம் மான் படம் காட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. “சூப்பர்” என்று சொல்லித் தப்பிக்க மாட்டார். வாரம் முழுக்க உதிரிபாகத்தில் கீறல் தேடும் கண் அது. “கொம்புக்குப் பின்னால ஒரு கிளை முளைச்சிருக்கு பாருங்க சார்” என்பார். ஓரடி நகர்ந்து எடுத்தால் கிளை விலகிவிடும்.

கிண்டி தேசியப் பூங்காவின் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. புள்ளிமான் கிடா கொம்பை உதிர்த்து மறுபடி வளர்க்கும். வளரும் கொம்பை மென்மயிர்த் தோல் மூடியிருக்கும். காலை வெயில் பின்னாலிருந்து விழுந்தால் அதன் ஓரமெல்லாம் பொன். வெளிமானின் முறுக்குக் கொம்போ உதிர்வதில்லை. கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக, கேமராவின் ஒளிக்கணக்கைக் குழப்பவே பிறந்த பிராணி அது! வெள்ளை வெளிறாமல் எடுத்துக்கொண்டால் கறுப்பை ஓரளவு பிறகு மீட்கலாம். மா. கிருஷ்ணன் (1912–1996) வெறும் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களை எடுத்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது.

“எல்லாமே மேலேருந்து எடுத்திருக்கு” என்பது நண்பரின் அடுத்த குறை. உட்கார்ந்து கண்மட்டத்தில் எடுத்தால் மானின் உயரமே மாறுகிறது. ஒன்றில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டை. பின்னணியில் மங்கலாகத் தெரியும் கட்டடத்தை வெட்டச் சொல்கிறார். அது இருந்தால்தானே இது கிண்டி?