நிறமும் நேர்மையும்

ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்றொரு சொல். அழகு என்பதும் அதன் பொருள். வெண்ணிறம் என்பதும் பொருள். நேர்மை என்பதும் பொருள். சந்தை என்பதும் பொருள்! வகுப்பறையில் இவற்றை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினோம். அழகுக்கு அடுத்து வெண்மை என்றெழுதியதும் கருநிறச் சிறுமி ஒருத்தி தலைகவிழ்ந்தாள். அந்தத் தலைகுனிவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

சந்தையைக் குறிக்கும் சொல் வேறு வேரினது. இலத்தீனில் ‘ஃபேரியா’ என்பது சமயத் திருநாள். திருநாளில் மக்கள் கூடினர். கூடிய இடத்தில் வணிகன் கடை விரித்தான். நாளடைவில் விழாவே சந்தையாயிற்று. நம் ஊர்த் தேர்த்திருவிழாவைக் கண்டவர்க்கு இது வியப்பன்று.

மற்ற மூன்றும் ஒரே சொல்லின் கிளைகள். பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேகெர்’ என்றால் கண்ணுக்கு இனியது, அவ்வளவே. நேர்மை என்னும் பொருள் 14ஆம் நூற்றாண்டில் ஏறிற்று. வெண்ணிறமும் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, நிறம் இச்சொல்லின் பிறவிக்குணமன்று. பின்னர்ப் பூசப்பட்ட பூச்சு! ஷேக்ஸ்பியரே தம் பதினான்கடிப் பாடல்களில் கருநிற மங்கையைப் போற்றி, அழகு வெண்மையின் தனியுடைமையா என வினவினார்.

தமிழர் கண்ட அழகு எது? சங்கப் புலவர் தலைவியின் மேனியில் மாந்தளிரின் மாமையைக் கண்டு மகிழ்ந்தனர். மேனி வெளிறினால் அதைப் பசலை என்றனர். பிரிவுத் துயரின் அடையாளம் என்றனர். வள்ளுவர் அதற்கெனவே ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அன்று வெளிறுதல் நோய்; இன்று வெளுத்தல் விளம்பரம்!

1975இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பசை விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் கருப்பின மக்களின் உரிமைக் கிளர்ச்சி எழுந்த 2020இல் ‘ஃபேர்’ என்பதை நீக்கி, ‘க்ளோ’ என மாற்றினர். பெயர் போயிற்று, பசை போகவில்லை, அதை வாங்கும் ஏக்கமும் போகவில்லை.

தியாகராய நகர், 1916இல் நீதிக்கட்சி கண்ட தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கியது. பிறப்பால் தாழ்வில்லை என வாதிட்டவரின் பெயர் கொண்ட நகரில், துணிக்கடை வாயிலில் வெள்ளைப் பொம்மைகள் நிற்கின்றன. உள்ளே மாமை நிற மங்கையர் திருமணப் புடவை தேடுகின்றனர்!

வணிகனை மட்டும் பழித்துப் பயனில்லை, தோழர்களே! 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு கூடிற்று. அந்தக் கருப்பு, இழிவை உணர்த்தும் சின்னம். இழிவைத் துடைக்கும் சூளுரை. அச்சட்டை அணிந்து மேடையில் முழங்கிய இளைஞன், பெண் பார்க்கப் போகும்போது “சிவப்பாக இருப்பாளா?” என்று கேட்கலாமா? சட்டையில் பெருமையான கருப்பு, பெண்ணின் மேனியில் குறையாவது எப்படி?

‘ஃபேர்’ என்பதற்கு நாம் ஏற்கவேண்டிய பொருள் ஒன்றுண்டு. பங்கீட்டுக் கடையின் பலகையிலேயே அது இருக்கிறது: நியாயம். அந்த நியாயம் முதலில் நம் வீட்டில் வழங்கட்டும். அன்றுதான் அச்சிறுமி தலைநிமிர்வாள்!