ஐயத்திற்குரியவன் யார்? ‘மூன்றாம் மாடியில் அந்நியன்’ திரைப்படத்தில் நீதியும் வர்க்கமும்

துப்பறியும் கதையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் தமிழ் முற்போக்கு விமர்சகரிடையே ஒரு தயக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அது வணிக நோக்குடையது, பொழுதுபோக்கிற்குரியது, வாசகனின் கவனத்தைச் சமூக முரண்பாடுகளிலிருந்து திசைதிருப்புவது என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் மார்க்சிய மரபின் முன்னோடிகள் அவ்வாறு செய்தாரல்லர். கிராம்சி தமது சிறைக் குறிப்புகளிலே இவ்வகைக் கதைகளின் தோற்றம் பற்றிச் சிந்தித்தார். பிரெக்ட் அவற்றை விரும்பிப் படித்ததோடு அவற்றின் செல்வாக்குக்கான காரணம் பற்றியும் எழுதினார். ஏர்னஸ்ட் மண்டேல் 1984இல் குற்றக்கதையின் சமூக வரலாறாக ஒரு நூலையே வெளியிட்டார். ‘இது நல்ல இலக்கியமா?’ என்ற வினாவைக் காட்டிலும் ‘இதனை மக்கள் ஏன் நாடுகின்றனர்?’ என்ற வினாவே இவர்களுக்கு முதன்மையாகப்பட்டது.

அவ்வினாவைத் திரைப்படத்தின்பாற் செலுத்துவதற்கு உகந்த சிறு படம் ஒன்றுண்டு. ஆர்.கே.ஓ. நிறுவனம் 1940 ஒகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட ‘ஸ்ரேஞ்சர் ஒன் த தேர்ட் புளோர்’ என்பதே அது. தமிழில் ‘மூன்றாம் மாடியில் அந்நியன்’ எனலாம். இயக்கியவர் போறிஸ் இங்ஸ்ரர். ஓடும் நேரம் 64 நிமிடங்கள் மாத்திரமே. வெளிவந்த காலத்திற் பெரிதாகக் கவனிக்கப்படாத இப்படத்தை, பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் ‘கறுப்புத் திரைப்படம்’ எனப்படும் வகையின் முதற் படமாகக் கொள்வர். அப்பெயர் பிரெஞ்சு விமர்சகர் நினோ பிராங்கினால் 1946இலேயே இடப்பட்டது. முதலா இரண்டாவதா என்ற வாதம் நமக்கு முக்கியமன்று. குற்றமற்ற ஒருவன் மீது ஐயம் விழுகின்றது என்னும் பழகிப்போன கதையை இப்படம் எங்ஙனம் கையாள்கின்றது, எவ்விடத்தில் அதனைக் கைவிட்டு விடுகின்றது என்பதே நமது வினா.

படம் உருவான பொருளியற் சூழல் முதலில் நோக்கற்பாலது. 1930களின் பெருமந்தத்தின்போது பார்வையாளரை இழந்த அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டத் தலைப்பட்டன. முதற் படம் வசூலில் விழுக்காட்டு அடிப்படையில் வாடகைக்கு விடப்பட்டது. இரண்டாவது படத்துக்கோ குறித்த தொகையொன்றே கிடைத்தது. எவ்வளவு சிறந்ததாயினும் அது கூடுதலாக ஈட்டப்போவதில்லை. எனவே செலவைக் குறைப்பதே இலாபத்திற்கான ஒரே வழி. ஆர்.கே.ஓ. நிறுவனமோ 1933இல் நீதிமன்றப் பொறுப்பாண்மையின் கீழ் வந்து, 1940இன் தொடக்கத்திலேதான் அதிலிருந்து மீண்டிருந்தது. இச்சூழலில் ஒரு விடுதி அறை, படிக்கட்டு, உணவுச்சாலை, நீதிமன்றம், இரவுத் தெரு என்னும் சில தளங்களைக் கொண்டே இப்படம் எடுக்கப்பட்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இருளும் நிழலும் சிக்கனத்தின் விளைவே என்று கூறி முடித்துவிடுதல் பொருள்முதல்வாதமாகாது. அது கணக்கப்பிள்ளையின் விமர்சனம். பணமில்லாமையால் தளத்தின் பாதியை இருளில் விட்ட படங்கள் பல உள. அவை யாவும் இவ்வாறு அமைந்தனவல்ல. ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராக்கா (பின்னர் 1942இல் ‘கற் பீப்பிள்’, 1947இல் ‘அவுட் ஒப் த பாஸ்ற்’ ஆகியவற்றை ஒளிப்பதிவு செய்தவர்), கலை இயக்குநர் வான் நெஸ்ற் பொல்கிளேஸ் ஆகியோரின் கைத்திறனும், ஜேர்மன் வெளிப்பாட்டுவாதத் திரைமரபும் இணைந்தே இந்நிழல்கள் உருவாயின. நாஸிகளிடமிருந்து தப்பியோடியவர்கள் அம்மரபை ஹொலிவூட்டுக்குக் கொணர்ந்தனர். படத்தின் அந்நியனாக நடித்த பீற்றர் லொறே அவர்களுள் ஒருவர்.

கதையின் முற்பகுதி வியக்கத்தக்க துணிவுடையது. மைக்கேல் வார்ட் ஒரு பத்திரிகை நிருபன். நிக் என்ற உணவுச்சாலைக்காரன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்ட வழக்கில் அவனே முதன்மைச் சாட்சி. கொலையுண்டவனின் அருகே ஜோ பிறிக்ஸ் என்ற இளம் வாடகைக் கார்ச் சாரதியைக் கண்டதாக அவன் சாட்சி கூறுகின்றான். அச்சாட்சியத்தின் பேரில் பிறிக்ஸ் குற்றவாளியாகின்றான். அவனுக்குக் காத்திருப்பது மரண தண்டனை. மறுபுறத்தில், இவ்வழக்கினால் வார்ட்டின் பெயர் பத்திரிகையிற் பெரிதாக வருகின்றது, சம்பளம் உயர்கின்றது, காதலி ஜேனை மணந்து வீடொன்றில் வாழலாம் என்ற நம்பிக்கையும் பிறக்கின்றது. படம் தொடங்குவதே இம்மகிழ்ச்சியுடன்தான்.

வார்ட் பொய் கூறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மலினமான கதாசிரியன் ஒருவன் அவனைப் பொய்ச்சாட்சியாக்கி, தவற்றைத் தனிமனித ஒழுக்கத்தின் மீது ஏற்றியிருப்பான். இங்கோ அவன் கண்டதையே கூறுகின்றான். கண்டதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலுள்ள வெளியை நிரப்புவது நீதிமன்றம். அந்த நிரப்பலில் வார்ட்டுக்கு ஒரு பொருளாதார நலன் இருக்கின்றது. செய்தி ஒரு பண்டமாகும் இடத்தில் உண்மையும் அதன் விலைக்கேற்ற உருவத்தையே பெறுகின்றது. இதனைப் படம் எந்த வசனத்தின் மூலமும் விளக்குவதில்லை. சம்பள உயர்வையும் தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டிவிட்டு அமைகின்றது.

நீதிமன்றக் காட்சி இன்னும் கடுமையானது. நீதிபதியின் கவனம் வேறெங்கோ உள்ளது. யூரிமாருள் ஒருவர் உறங்குகின்றார். ஏழைச் சாரதிக்காக வாதாடும் சட்டத்தரணி கடமைக்காகவே நிற்கின்றார். சட்டத்தை எள்ளி நகையாடுதல் ஆகாது என்பது 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த திரைப்படத் தணிக்கை நெறிகளுள் ஒன்று. அதனையும் மீறி இக்காட்சி எஞ்சியிருப்பதற்கு, இரண்டாந்தரப் படம் ஒன்றை எவரும் அத்துணை உன்னிப்பாக நோக்கவில்லை என்பதும் ஒரு காரணமாகலாம். திரைக்கதை பிராங் பார்ற்றோஸின் பெயரில் வந்தபோதிலும், நாவலாசிரியர் நதானியேல் வெஸ்ற் பெயர் குறிப்பிடப்படாமல் அதிற் பங்குகொண்டார். அமெரிக்கக் கனவின் அழுகலை ‘த டே ஒப் த லோக்கஸ்ற்’ நாவலில் (1939) எழுதிய அவரது கைவண்ணத்தை இக்காட்சியின் கசப்பிலே காணத் தோன்றுகின்றது, நிறுவுதற்கில்லை.

பிறிக்ஸ் ‘நான் செய்யவில்லை’ என்று கதறுவது ஜேனின் மனத்தில் தைத்துவிடுகின்றது. முதலில் ஐயுறுபவள் அவளே. அவளது ஐயம் வார்ட்டைத் தொற்றிக்கொள்கின்றது. தன் விடுதி அறைக்குத் திரும்பும் அவன் படிக்கட்டில் வெள்ளைக் கழுத்துத்துண்டு அணிந்த அந்நியனைக் காண்கின்றான். அடுத்த அறையிலுள்ள மெங் என்பவரின் குறட்டை அன்று கேட்கவில்லை. அவர் செத்துவிட்டாரோ? அவ்வாறாயின் கொலைகாரன் யாரென்று உலகம் கூறும்?

மெங் வெறுக்கத்தக்க அயலவர். இரவில் தட்டச்சு ஓசை கேட்கின்றதென முறையிடுபவர். மழையில் நனைந்து வந்த ஜேன் வார்ட்டின் அறையில் இருந்தபோது வீட்டுக்காரியுடன் வந்து அவமானப்படுத்தியவர். அவரைக் கொல்ல வேண்டும்போலிருக்கிறது என்று வார்ட் நண்பன் முன்னிலையிற் கூறியிருக்கின்றான். மெல்லிய சுவர்களுக்கிடையே ஒருவரையொருவர் ஒற்றுக்கேட்டு வாழும் கீழ் நடுத்தர வர்க்கத்தின் வாழ்வு இங்கு மிகுந்த நுணுக்கத்துடன் வருகின்றது. சொந்தமாக ஒரு கதவு இல்லாதவர்களின் ஒழுக்கக் காவல் இது. சம்பள உயர்வும் வீடும் ஏன் அத்துணை அவசியமாயின என்பதும் இவ்விடத்திலேயே துலங்குகின்றது.

பின்னர் வருகின்ற கனவுக் காட்சியே படத்தின் உயிர்நிலை. சிறைக்கம்பிகளின் நிழல்கள் சரிந்து வீழ்கின்றன. கொலையென அலறும் தலைப்புகளுடன் பத்திரிகைகள் பெருகுகின்றன. நீதிமன்றம் உயரமும் வெறுமையுமாக விரிகின்றது. வார்ட் குற்றவாளிக் கூண்டில். மெங்கைப் பற்றி அவன் வாய்தவறிக் கூறியவை யாவும் சாட்சியங்களாகின்றன. பலரும் இக்காட்சியை அதன் உருவ அழகிற்காகப் போற்றுவர். நான் முக்கியமாகக் கருதுவது அதன் தருக்கத்தை. பிறிக்ஸைக் குற்றவாளியாக்கிய அதே முறை — கோபத்தில் உதிர்த்த சொல், பிணத்தருகே நிற்க நேர்ந்த தற்செயல் — எந்தச் சேர்க்கையுமின்றி வார்ட்டின் மீது திருப்பப்படுகின்றது. முறை பிழையானது என்பதை நிறுவ வேறு வாதம் வேண்டியதில்லை. விழித்தெழுந்த வார்ட் மெங் கழுத்தறுபட்டுக் கிடப்பதைக் காண்கின்றான். இரு கொலைகளும் ஒரே வகையின என அவனே அதிகாரிகளுக்கு எடுத்துரைக்கின்றான். இரு பிணங்களின் அருகிலும் காணப்பட்டவன் நீயே என்று அவர்கள் அவனைத் தடுத்து வைக்கின்றனர்.

ஆயின் ஒரு வினா எழுகின்றது. கனவு ஏன் வார்ட்டுக்கு மட்டும்? உண்மையிலேயே மரணத்தை எதிர்நோக்கி நிற்பவன் பிறிக்ஸ். எலிஷா குக் அப்பாத்திரத்தைச் சில நிமிடங்களுக்குள் மறக்கவியலாததாக்கி விடுகின்றார். அதன் பின்னர் படம் அவனை மறந்துவிடுகின்றது. அவனது அச்சத்துக்கு நிழல்களோ இசையோ அளிக்கப்படவில்லை. உழைப்பாளியின் மீது வீழ்ந்த அநீதி, எழுத்தறிந்த நடுத்தர வர்க்கத்தவன் ஒருவனின் மனச்சான்றின் ஊடாக வரும்போதே காணத்தக்கதாகின்றது. 1956இல் ஹிட்ச்கொக் உண்மைச் சம்பவமொன்றைத் தழுவி எடுத்த ‘த றோங் மான்’ படத்தில் ஐயுறப்பட்ட இசைக்கலைஞனுடனேயே கமரா பொலிஸ் நிலையத்துக்கும் சிறைக்கூண்டுக்கும் செல்கின்றது. அங்கு கனவு தேவைப்படவில்லை, நடைமுறையே போதுமானதாகின்றது. இவ்வகையில் 1940ஆம் ஆண்டுப் படம் பின்தங்கியது என்றே கூறவேண்டும்.

இதனிலும் பாரதூரமானது முடிவு. சிறையிலுள்ள வார்ட்டுக்காக ஜேன் தெருத்தெருவாக அந்நியனைத் தேடுகின்றாள். பெண்ணே துப்பறிபவளாவது குறிப்பிடத்தக்கது. சியோட்மாக்கின் ‘பான்ரம் லேடி’ (1944) இதனையே விரிவாக்கும். அவள் கண்டடையும் லொறே, சமைக்காத இறைச்சியை வாங்கித் தெருநாய்க்கு ஊட்டுகின்றான். அவன் மனநோய் விடுதியிலிருந்து தப்பியவன்; மீண்டும் அடைக்கப்படுவோம் என்ற அச்சமே அவனை ஆட்டிவைக்கின்றது. ஜேனைத் துரத்தும்போது லொறியில் அடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு இறக்கின்றான்.

லொறே 1931இல் பிரிற்ஸ் லாங்கின் ‘எம்’ படத்திற் கொலைகாரனாக நடித்தவர். அதே ஆண்டில் பேர்லினில் பிரெக்டின் நாடக மேடையிலும் தோன்றியவர். ‘எம்’ படத்தின் கொலைகாரனுக்குப் பேச இடமளிக்கப்பட்டது. குற்றவாளிகளே கூட்டிய நீதிமன்றத்தில் அவன் தன் வேதனையைக் கூறும்போது, தீர்ப்பளிக்க யாருக்கு உரிமையுண்டு என்ற வினா பார்வையாளரிடம் விடப்பட்டது. இங்கோ அவனுக்கு வழக்கில்லை, வாதமில்லை, தெருவிலே முடிந்துவிடுகின்றான். அவன் உச்சரிப்பிலேயே அந்நியன், இருப்பிடமற்றவன், நோயாளி. நீதிமன்றம், பத்திரிகை, விடுதி ஆகியவை மீது முற்பகுதி எழுப்பிய குற்றச்சாட்டு முழுவதும் இம்மனிதன் மேல் ஏற்றப்பட்டு அவனோடு புதைக்கப்படுகின்றது. பொய்யாக ஐயுறப்பட்டவர் இருவர் விடுதலையாவதற்கு, ஐயுறுதற்கு வசதியான மூன்றாமவன் ஒருவன் தேவைப்பட்டான்.

இதற்கு மறுப்புண்டு. நீதிமன்றம் தன் தவற்றைத் தானாகத் திருத்திக்கொள்ளவில்லை, ஒரு விபத்தே திருத்தியது. எனவே முடிவும் கண்டனமே என்பர். இது முற்றாக மறுக்கத்தக்கதன்று. லொறி ஒரு கணம் பிந்தியிருந்தால் இருவருமே கொல்லப்பட்டிருப்பர் என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் அவ்வாறு எண்ணுமாறு அது நம்மைத் தூண்டவுமில்லை. ஏனெனில் அடுத்த காட்சியில் விடிந்துவிடுகின்றது. திருமணத்துக்குப் புறப்படும் வார்ட்டையும் ஜேனையும் வாடகைக் கார் ஒன்று எதிர்கொள்கின்றது. அதன் சாரதி பிறிக்ஸ். தன்னை மரண தண்டனை வரை அனுப்பியவனை அவன் முகமலர்ச்சியோடு வரவேற்று, கூலி வாங்காமல் ஏற்றிச் செல்கின்றான்.