வீடு யார் பெயரில்?

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கலியாணப் பேச்சு எடுத்தால், பெண் என்ன படித்திருக்கிறாள் என்ற விசாரணை பிறகுதான். முதற் கேள்வி, "வீடு இரிக்கா?" இருந்தால் பேச்சு நகரும். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீட்டுக்கும் காணிக்கும் உறுதி பெண்ணின் பெயரில் எழுதப்படும். பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறில்லை என்பார் ஒரு சாரார். பெண்ணைப் பெற்றவனின் முதுகை ஒடிக்கும் வழக்கம் என்பார் மறுசாரார். இரண்டும் மெய்தான். ஆனால் முதலாமவர் பேசுவது உரிமையைப் பற்றி, இரண்டாமவர் பேசுவது பேரத்தைப் பற்றி.

இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்கள் தாய்வழிக் குடியினர். பிள்ளைக்கு உம்மாவின் குடியே குடி. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருப்பதும் இந்த ஏற்பாட்டால்தான். சீதன வீடு அந்தத் தாய்வழி மரத்தின் கிளை. அயலிலுள்ள தமிழரிடமும் இதே வழக்கம் உண்டு. எனவே மதத்தைக் காட்டி மட்டும் இதை விளக்கவும் முடியாது, ஒழிக்கவும் முடியாது.

பெண்ணின் நிலவுரிமை எப்படிக் கைநழுவும் என்று அறிய, நிலப்பிரபுத்துவ யப்பானை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காமகுரா ஆட்சியின் தொடக்கத்தில் போர்வீரர் குடும்பத்துப் பெண்கள் தகப்பனிடமிருந்து நிலம் பெற்றார்கள். நில அதிகாரிகளாகவும் சில பெண்கள் இருந்தார்கள். 1274இலும் 1281இலும் மொங்கோலியர் படையெடுத்தனர். போர்க் கடமை நிலத்தோடு கட்டப்பட்டிருந்ததால், பெண்ணுக்குப் போகும் நிலம் குடும்பத்துக்கு நட்டம் என்ற எண்ணம் வலுத்தது. அவள் பங்கு ஆயுள்வரை மட்டும் என்று சுருங்கியது. காலப்போக்கில் ஒரே ஆண் வாரிசுக்கே எல்லாம் என்றாயிற்று. ஆண்பிள்ளை இல்லாத வீட்டார் மருமகனைத் தத்தெடுத்தார்கள். அங்கும் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்தான். ஆனால் வந்தவன் மாமனாரின் குடும்பப் பெயரை ஏற்று, வீட்டுக்கும் தலைவனானான். கல்முனையில் வருகிற மருமகன் உழைப்பான், கூரை மாற்றுவான், மதில் கட்டுவான். உறுதி மட்டும் மனைவியின் பெயரிலேயே இருக்கும்.

இதன் பலனைக் குடும்பம் உடையும்போது பார்க்க வேண்டும். தலாக் ஆனால் வெளியேறுபவர் கணவர். விதவையானவளை யாரும் நடுத்தெருவில் விட முடியாது. பக்கத்து வீட்டில் ராத்தா, பின்வளவில் உம்மா, நடுவில் பொதுக் கிணறு. அந்த வளவுக்குள் மனைவியை அடிக்கக் கை ஓங்குகிறவன் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். புகுந்த வீட்டு அடுப்படியில் தனித்து நிற்கும் மருமகளின் நிலை இவளுக்கு இல்லை.

இனி விலையைப் பார்ப்போம். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் இன்னொன்றைக் கட்டிப் போவது பழைய முறை. கல்முனைக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட மணல் துண்டில் வளவைப் பிரித்துப் பிரித்து, இப்போது இரண்டாமவளுக்கு மேல்மாடிதான். மாடி இல்லாத பிளாட்டில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை பெரும்பாலும் கலியாணத்துக்குக் காத்திருக்கும் ஒரு தங்கையின் பங்கு. அதைக் கட்டி முடிக்கக் கட்டாருக்கோ சவூதிக்கோ போன காக்கா, தன் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறான். கடைசியில் அவனுக்கும் வீடு வருகிறது, மனைவி வழியாக. அப்போது அதன் சுமையை இன்னொரு காக்கா தூக்கியிருப்பான்.

மார்க்கம் மாப்பிள்ளையிடம் மஹர் கேட்கிறது. வழக்கம் பெண் வீட்டாரிடம் கேட்கிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணம், பொருளான கைக்கூலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதைத் திரும்பப் பெறக் காதியிடம் வழியும் வைத்தது. வாங்காதே என்று அது தடுக்கவில்லை. வீடு கைக்கூலி ஆகாது, பெண்ணுக்குப் பெற்றோர் கொடுக்கும் நன்கொடை என்று சமாதானம் சொல்வார்கள். நன்கொடையின் அளவை மாப்பிள்ளை வீட்டார் தீர்மானித்தால் அதற்கு என்ன பெயர்? டொக்டர் மாப்பிள்ளைக்கு மாடி வீடு, ஆசிரியருக்குத் தட்டு வீடு என்று பேசுகிற ஊரில் இந்தச் சமாதானம் எடுபடாது.

இன்னொரு குறையை யாரும் பேசுவதில்லை. உரிமை கலியாணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. கலியாணம் ஆகாத மகளுக்கு உறுதி எழுதும் அவசரம் எவருக்கும் வருவதில்லை. ஆண்பிள்ளைகளும் பாகப்பிரிவினையில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். வாப்பா உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால், மார்க்கச் சட்டப்படி பிரிக்க எஞ்சுவது என்ன?

இத்தனை குறை இருந்தும் இந்த வழக்கத்தை முழுதாகத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் 2004 டிசம்பர் 26 சுனாமி. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோரத்தில் அழிந்த வீடுகளில் பெரும்பகுதி பெண்களின் சீதனம். மாற்று வீடு கொடுக்க வந்த நிருவாகம் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் வைத்திருந்தது. அந்தக் கட்டத்துக்குள் பல இடங்களில் கணவனின் பெயர் போயிற்று. காமகுராவில் பல தலைமுறை பிடித்த மாற்றத்துக்கு இங்கே ஒரு படிவம் போதுமாயிருந்தது. இழந்தது மனைவியின் காணி, கிடைத்தது கணவனின் வீடு.

ஆகவே உரிமையை வைத்துக்கொண்டு பேரத்தை வெட்ட வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்கள் வீடு கேட்டுப் பேசும் கலியாணங்களை மிம்பரிலிருந்தே கண்டிக்கட்டும். பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்க நினைப்பதை, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் முன்னரே, கலியாணம் ஆகாத மகளையும் சேர்த்து, எழுதிக் கொடுக்கட்டும். பிரதேச செயலகங்கள் வீடமைப்புப் படிவங்களில் மனைவியின் பெயருக்கும் ஒரு கட்டம் வைக்கட்டும்.