தூண் நிழல் விழும் இடம்

போன வாரம் கல்லூரி மாணவர்களின் நாடகப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஐந்து அணிகள். நடிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டிய அணிக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அணி எந்த இடத்தில் ஆட்டத்தை விட்டது என்பது இரண்டாவது வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது.

உச்சக்காட்சி. செத்துப்போன மகனின் சட்டையைத் தாய் மடித்து வைக்கிறாள். அந்தப் பெண் மேடையின் நட்டநடுவில் நின்றாள். நேர் உச்சியில் ஒரே ஒரு விளக்கு. நெற்றி பளபளத்தது, மூக்கு நுனி தெரிந்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். காலர் மடிப்பை அவள் கட்டைவிரல் தடவித் தடவிச் சரிசெய்ததை நான் பார்த்தேன். முகத்தில் என்ன ஓடியது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த அழுகை புருவ நிழலுக்குள் போய்விட்டது. இத்தனைக்கும் அரங்கின் முன்பக்கக் கம்பியில் நான்கு விளக்குகள் எரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அவற்றில் இரண்டு போதும். நடிகருக்கு முன்னால், இடமும் வலமுமாக, 45 பாகைச் சாய்வில் இரண்டு விளக்குகள். ஒன்றுக்கு இளமஞ்சள் தாள், மற்றதற்கு வெளிர்நீலம். கண்ணுக்குள் வெளிச்சம் போகும். கன்னமும் மூக்கும் தட்டையாகாமல் வடிவத்தோடு நிற்கும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் புத்தகமாகவே எழுதிவைத்த முறை இது. உச்சி விளக்கு கூடாது என்பதில்லை. தலைமுடிக்கும் தோளுக்கும் ஓரம் கொடுத்து, ஆளைப் பின்திரையிலிருந்து பிரித்துக் காட்ட அது வேண்டும். தனியாக அதை மட்டும் நம்பக் கூடாது.

விளக்கை ஏற்றும்போதே நிழலைப் பற்றி யோசிப்பது நமக்குப் பழைய பாடம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடைக்குக் கணக்கே தருகிறது. இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, மேடை உயரம் 1. ஆடும் பலகைக்கும் மேல் பலகைக்கும் நடுவே 4 கோல் இடைவெளி. போக வர இரண்டு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. இவ்வளவையும் சொன்ன இளங்கோ, தூண்களின் நிழல் இடையூறாக விழாமல் புறத்தே போகும்படி விளக்கை வைத்தார்கள் என்றும் சொல்கிறார். எத்தனை விளக்கு என்பதை விட்டுவிட்டு, நிழல் எங்கே விழுந்தது என்பதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்றுவரை வியப்பு தீராத இடம் அது.

தெருக்கூத்திலும் இந்த அறிவு உண்டு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, வேடக்காரர் பின்னால் நின்று பாடுகிறார். முதலில் சலங்கைச் சத்தம், பிறகு திரைக்கு மேலே கிரீட நுனி, கடைசியில் முழு வேடம். இன்றைக்கு டிம்மரை மெல்ல ஏற்றிச் செய்கிற வேலையைத் தீவட்டிக் காலத்திலேயே ஒரு துணியை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஒலிக்கு வருகிறேன். இன்னொரு அணி ஆறு மைக்குகளை மேடை விளிம்பில் வரிசையாக வைத்தது. பேசியது இரண்டே பேர். ஆறும் திறந்தே இருந்தன. ஸ்பீக்கர்களோ மைக்குகளுக்குப் பின்னால். ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போனது. மூன்று முறை அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளை வராமல் ஒலியைக் கூட்டக்கூடிய எல்லை 3 டெசிபல் இறங்கிவிடும். பேசாதவரின் மைக்கை மூடு, ஸ்பீக்கரை மைக் வரிசைக்கு முன்னால் கொண்டுவா: பாதித் தொல்லை அங்கேயே தீரும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். குமிழைத் திருகவே வேண்டாம். காலையில் காலி அரங்கில் சரிபார்த்த ஒலி, கூட்டம் நிறைந்ததும் மாறும். உடம்பும் உடையும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே முதல் காட்சி ஓடும்போது மைக் செட்காரர் காதால் கேட்டுத் திருத்தியாக வேண்டும்.

மறுபடி ஒளிக்கே வருகிறேன். அது முழு மூச்சில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தா மினர்வா தியேட்டரில் 1959-இல் உத்பல் தத் அரங்கேற்றிய ‘அங்கார்’ நாடகத்தைத்தான் சொல்வேன். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குகிறார்கள். அந்த வெள்ளத்தை மேடையில் ஏற விட்டவை ஒளியமைப்பாளர் தாபஸ் சென்னின் விளக்குகள்.

நம் பிள்ளைகளுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். நேரம் வேண்டும். இந்தப் போட்டியில் ஒவ்வோர் அணிக்கும் மேடையைப் பழக இருபதே நிமிடம் கொடுத்தார்கள். அது அநியாயம். வசனத்தைத் தாண்டித் தாண்டி, விளக்கு மாறும் இடங்களையும் ஒலி வரும் இடங்களையும் மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்க்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். லைட் போடும் மாணவரை முதல் ஒத்திகையிலிருந்தே உட்கார வைத்த அணிதான் அந்த இருபது நிமிடத்திலும் தப்பித்தது.

வென்றதும் அந்த அணிதான். அவர்களிடம் இருந்தவை ஒரு மேசை, இரண்டு நாற்காலி. விளக்கணைந்ததும் கறுப்புச் சட்டை போட்ட பையன் வெறுங்காலோடு வந்து, தரையில் ஒட்டியிருந்த வெள்ளை டேப் குறிகளின் மேல் நாற்காலிக் கால்களைப் பிசகாமல் வைத்துவிட்டுப் போனான். கடைசிக் காட்சியில் நான் மேடையை விட்டுவிட்டுப் பின்வரிசையில் இருந்த லைட் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த மாணவன் கையில் தாள் ஏதும் இல்லை. நாயகியின் வசனத்தை அவன் உதடுகளும் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. அவள் கடைசிச் சொல்லை முடிக்கும் முன்பே, ஃபேடர் மேலிருந்த அவன் விரல் இறங்கத் தொடங்கியிருந்தது.