தங்கத்தைப் பிறகு பாருங்கள்

கைக்கடிகார ஏலங்களில் ரோலெக்ஸ் யாட்-மாஸ்டர் 2 அடிக்கடி கண்ணில் படும். 44 மில்லிமீட்டர் உடல், 18 காரட் மஞ்சள் தங்கம், முகப்பைச் சுற்றி நீலப் பீங்கான் வளையம், அதில் கொட்டை எழுத்தில் 10 முதல் 0 வரை எண்கள். பணக்காரப் பகட்டு என்று பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த எண்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல.

பாய்மரப் படகுப் பந்தயம் எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கடிகாரம் பிடிபடும். ஓட்டக்காரர்கள் கோட்டில் கால் ஊன்றி நிற்பார்கள். படகால் அப்படி நிற்க முடியாது. காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டே இருக்கும். கடலில் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு. வழக்கமான விதிப்படி, தொடக்கத்துக்கு 5 நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும். 4 நிமிடத்தில் இன்னொன்று ஏறும். 1 நிமிடத்தில் அது இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. அதுவரை படகுகள் கோட்டுக்குப் பின்னால் வளைந்து வளைந்து ஓடி இடம்பிடிக்கும். பூஜ்யத்தில், முழு வேகத்தோடு கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். பிந்தினாலோ, முன்னால் போகும் பாய்கள் கலக்கிவிட்ட காற்றில் கிடந்து தவிக்க வேண்டும். பந்தயம் முழுவதிலும் பதற்றம் மிகுந்த நேரம் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அந்த நேரத்துக்காகவே 2007-ல் ரோலெக்ஸ் இதைக் கொண்டுவந்தது. உள்ளே சுமார் 360 பாகங்கள். 1 முதல் 10 நிமிடம் வரை எந்த இடத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று குறித்து வைக்கலாம்; மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தால், குறித்த நிமிடத்துக்கே முள் திரும்பிவிடும். பேட்டரி கிடையாது, இந்த ஞாபகம் பல்சக்கரங்களிலும் நெம்புகோல்களிலும் இருக்கிறது. வெளி வளையமும் சும்மா சுழல்வதில்லை. கால் சுற்று திருப்பினால் அது உள் இயந்திரத்தோடு இணைந்து, நிமிடத்தைக் குறிக்க வழிவிடுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒலி கேட்டும் சில நொடி தாமதமாகப் பொத்தானை அழுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த ஒலி வரும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தினால் போதும். நொடிமுள் பூஜ்யத்துக்குப் பறக்கும். நிமிடமுள் அருகிலிருக்கும் முழு நிமிடத்துக்கு, முன்னோ பின்னோ, தாவும். எண்ணிக்கை அங்கிருந்து தொடரும். நனைந்த கையோடு சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு இதைவிடப் பரிவான இயந்திரம் இருக்க முடியுமா!

இதே பெயரில், எண் இல்லாமல், 1992-ல் வந்த தங்க யாட்-மாஸ்டரும் ஏலத்துக்கு வரும். அழகான கடிகாரம்தான். ஆனால் அதில் இந்தப் பின்னோக்கி எண்ணும் வித்தை இல்லை.

இப்போது தங்கத்துக்கு வருவோம். நமக்கு 916 பழக்கம். இங்கே 750, அதாவது நான்கில் மூன்று பங்கு தங்கம். 22 காரட் கடிகார உடலுக்கு மிக மென்மையானது. 18 காரட்டும் கீறல் வாங்கும், பாலிஷ் போட்டால் பளபளக்கும். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தைத் தின்றுவிடும். பட்டை வந்து சேரும் நான்கு கொம்புகளின் ஓரங்களைப் பாருங்கள். கோடுபோல் கூர்மையாக இருந்தால் நல்லது. வழவழவென்று உருண்டிருந்தால் யாரோ அதிகம் தேய்த்துவிட்டார்கள். கொம்புகளின் அடிப்பக்கத்தில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை முத்திரையாக இருக்கும். 1995 முதல் சுவிட்சர்லாந்தின் ஹால்மார்க் அது. அந்த முகம் மழுங்கியிருந்தாலும் அதே சந்தேகம்தான். பட்டையைப் பக்கவாட்டில் பிடித்தால் கண்ணிகள் தொங்கக் கூடாது. பீங்கான் வளையம் லேசில் கீறாது, ஆனால் அடிபட்டால் சில்லு பெயரும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை.

2024-ல் ரோலெக்ஸ் இந்த வரிசையைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஏலத்தில் பட்டியல் மதிப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏலக்கூடத்தின் கமிஷனும் உண்டு. பெட்டியும் உத்தரவாத அட்டையும் இருக்கின்றனவா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். அதற்கு முன், ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் போய், எண்ணிக்கையை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். 5-ல் குறித்து, 50 நொடி ஓடியதும் கீழ்ப் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு முதலிலிருந்து தொடங்கி, 70 நொடியில் அழுத்த வேண்டும். முதல் முறை முன்னால் தாவியும், இரண்டாம் முறை பின்னால் தாவியும், நிமிடமுள் 4-லேயே வந்து நிற்க வேண்டும்.