சாபமும் சான்றும்: சாகுந்தலத்தோடு உடன்வைத்து வாசிக்கத்தக்கவை

காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் பயில்வோர்க்கு மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பும் (1907) சாகுந்தல நாடக ஆராய்ச்சியும் (1934) இன்றியமையாத துணைகள். ஆயினும் நாடகத்தின் மையச் சிக்கலாகிய துருவாசர் சாபத்தை மதிப்பிட, அச்சாபமும் கணையாழியும் இடம்பெறாத மூலக்கதையையும் உடன்வைத்து வாசிக்க வேண்டும்.

அக்கதை மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் உள்ளது. அங்குச் சகுந்தலை தன் மகனுக்கே அரசுரிமை என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே கந்தருவ மணத்திற்கு இசைகிறாள். மகனோடு அவைக்கு வரும் அவளைத் துஷ்யந்தன் அறிந்திருந்தும் மறுக்கிறான். அவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றால் உலகோர் ஐயுறுவர் என்பது அவன் பின்னர்க் கூறும் காரணம். அவளோ ஒதுங்காமல் நெடிதாக வழக்குரைக்கிறாள். அரசனின் இப்பொய்யைக் காளிதாசர் மறதியாக மாற்றினார். சகுந்தலையின் உருமாற்றத்தை இதிகாசம் முதல் காலனிய காலம் வரை தொடரும் ரொமிலா தாப்பரின் நூல் (1999) இங்குப் பெரிதும் பயன்படும்.

சாபம் அரசனைக் காக்கவே புகுத்தப்பட்டது என்று கூறி நின்றுவிடுவது எளிது. நாடகத்தை மீண்டும் நோக்கின் அம்முடிவு தளர்கிறது. தோழியர் இருவரும் சாபத்தைச் சகுந்தலையிடம் மறைத்துவிடுகின்றனர். ஏழாம் அங்கத்தில் மாரீசர் உரைக்கும்வரை அவள் அதனை அறியாள். பார்வையாளர்க்கு மறதியாகத் தெரிவது அவளுக்கு வஞ்சகமாகவே இருந்திருக்கிறது. அவையில் அவள் சீறுவது அதனாலேயே. மேலும், ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில் அம்சபதிகை பாடுவது, எந்தச் சாபமும் இன்றியே அரசனால் மறக்கப்பட்ட ஒருத்தியின் பாட்டு. தாகூர் முன்பே கவனப்படுத்திய இவ்விடத்தை வெறும் சூழல் வருணனையாகக் கடந்துவிடலாகாது.

தமிழ் ஆய்வாளர் இங்குக் குறுந்தொகை 25ஐ நினையாதிருத்தல் அரிது. கபிலரின் தலைவிக்குக் களவின் சான்றாக நின்றது ஆரல்மீன் பார்த்திருந்த குருகு மட்டுமே. களவொழுக்கத்தைக் கந்தருவர் இயல்போடு ஒப்பிடும் தொல்காப்பியமும், பொய்யும் வழுவும் தோன்றியபின் கரணம் வகுக்கப்பட்டதாகக் கூறுகிறது. சான்றின்மை குறித்த இவ்வச்சத்தைச் சங்கப்பாடல் கேள்வியாகவே விட்டுவைக்கிறது. காளிதாசரோ ஒரு கணையாழியைச் சான்றாக அளித்து, அதனையும் நீரில் தொலைக்கிறார். (இரண்டிலும் சான்றின் அருகே ஒரு மீன் இருப்பது தற்செயலே.) இது தாக்கம் பற்றிய கூற்றன்று, ஒப்புநோக்கு மட்டுமே.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த ‘சகுந்தலை’ (1940) படப்பாடல்கள் முதல் மூன்று அங்கங்களுக்கு அரிய துணை. இரு பெருங்குரல்கள் காதலை இசையாலேயே நிறுவிவிடுகின்றன. அந்நிறைவே ஐந்தாம் அங்கத்திற்குத் தடையும் ஆகிறது: இத்துணை ஐயமற்ற காதலைக் கேட்டபின் அரசனின் மறுப்பு ஒரு விபத்தாக மட்டுமே தோன்றும். ஆதலின் மாணவர்க்கு ஆதிபருவத்தின் அவைக் காட்சியை முதலில் வாசிக்கத் தந்து, பாடல்களைப் பின்னர்க் கேட்பிப்பதே தக்கது.