இரசிகரின் பற்றும் நகையும்

1917 இல் கண்டியிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், மலையக இரசிகர்க்கு 'வாத்தியார்' மட்டுமல்லர். தம் மண்ணிற் பிறந்தவருமாவார். இப்பற்றினை வெறும் மயக்கமென முற்போக்கு விமர்சகர் ஒதுக்குவதுண்டு. நாயகனின் தனிமனித வீரம் கூட்டுப் போராட்டத்தின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது என்னும் அவர்தம் வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் அது முழு உண்மையன்று.

1948 ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை, அவர்தம் விருப்பத்தைக் கேளாமலே, இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இந்நிலையில், 1965 இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலே சவுக்குக் கைமாறும் காட்சி அம்மக்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

தமிழர் சாதிபேதமின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரைப்படக் கொட்டகையே என்பதைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் எடுத்துக்காட்டினார். அவ்வரங்கிலே இரசிகர் வாளா இருந்தாரல்லர். சிவாஜி இரசிகரோடு கேலிப்போர் தொடுத்தனர். தம் நாயகனின் மிகைகளையும் நகையாடினர். நகைப்பவன் முற்றாக மயங்கியவனல்லன். எனினும், துரையையும் கங்காணியையும் நோக்கித் திரும்பாதவரை அந்நகை கொட்டகையோடு முடிந்துவிடும். இரசிகரைப் பழிப்பதன்று, அவர்தம் நகையிலுள்ள விழிப்பினை இனங்காண்பதே விமர்சனத்தின் பணியாகும்.